தீவு தாங்கும் எண்ணிக்கை

அந்தத் தீவில் புலி கிடையாது, சிறுத்தை கிடையாது, பேருக்கு ஒரு நரிகூடக் கிடையாது. மான்களுக்கு எமன் என்று அங்கே இருந்தது ஒரே ஆள், அவளுடைய புருஷன்தான். அதற்காக அவனை முரடன் என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் அவளைக் கூப்பிடுகிற ரகம் அவன்.

நீர்த்தேக்கத்தின் நடுவே, படகில் இருபது நிமிஷத் தூரத்தில் இருந்தது தீவு. முன்னொரு காலத்தில் அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது குன்றின் தலை மட்டும் வெளியே நின்றுவிட்டது. அதன்மேல் ஓடி ஏறிய சில மான்களும் அங்கேயே தங்கிவிட்டன. தின்னப் புல் இருந்தது, துரத்த ஆளில்லை, கேட்க வேண்டுமா? குட்டியும் குடும்பமுமாகப் பெருகின. அவ்வளவு சின்ன இடத்தில் எத்தனை வாய்க்குப் புல் முளைக்கும் என்று வனத்துறை அளந்து பார்த்து, முந்நூறு என்று முடிவு செய்தது. அதற்குமேல் போனால் வேரைக்கூடத் தோண்டித் தின்றுவிடும். அதனால் ஒவ்வொரு வருஷமும் கோடைக்கு முன்னால் எண்ணுவார்கள். முந்நூறுக்கு மேல் எத்தனையோ அத்தனையைச் சுடுவார்கள். எண்ணுவது அவள் வேலை, சுடுவது அவன் வேலை. ஊழியர் குடியிருப்பில் கடைசி வீட்டில் இந்த இரண்டு உத்தியோகமும் ஒன்றாகக் குடித்தனம் நடத்தின.

எண்ணுவது என்றால் மானைப் பார்த்து விரல் மடக்குவதல்ல. மான் என்ன வரிசையில் நின்று பேர் கொடுக்குமா? அவள் எண்ணியது புழுக்கையை. தீவு முழுக்க அறுபது இடங்களில் முளையடித்து வட்டம் போட்டு வைத்திருந்தாள். ஒரு முறை போய் எல்லா வட்டங்களையும் பெருக்கிச் சுத்தம் செய்வாள். முப்பது நாள் கழித்துப் போய், ஒவ்வொன்றிலும் குந்தி உட்கார்ந்து, புதிதாக விழுந்திருக்கிற குவியல்களை எண்ணுவாள். ஒரு மான் ஒரு நாளைக்குச் சுமாராகப் பதினான்கு தடவை போடும். பெருக்கி வகுத்தால் தலை எத்தனை என்று தெரிந்துவிடும். அவள் சொன்ன எண்ணை யாரும் மறுத்ததில்லை. மறுக்க வேண்டுமானால் அறுபது இடத்திலும் குந்தி உட்கார வேண்டுமே! அலுவலகத்தில் அவளுக்குப் புழுக்கையக்கா என்று பேர், அவனுக்குத் துப்பாக்கியண்ணன். இரண்டு பேருக்கும் அதில் வருத்தமில்லை.

அவன் வேலையில் சுத்தம். ஒரே குண்டு, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால். மேய்ந்துகொண்டிருக்கிற மான் வாயில் புல்லோடு விழும். பதினான்கு வருஷம் அப்படித்தான் போயிற்று. பதினைந்தாவது வருஷம் ஒரு பெட்டை மானைச் சுட்டான். வயிற்றைக் கீறியபோது உள்ளே குட்டி இருந்தது. அதொன்றும் புதிதில்லை, முன்பும் எத்தனையோ பார்த்திருக்கிறான். ஆனால் இந்தக் குட்டி உயிரோடு இருந்தது. அவன் உள்ளங்கையில் கிடந்து உதைத்தது. அவன் எதிர்பார்த்ததைவிட ரொம்ப நேரம் உதைத்தது.

அன்று வீட்டுக்கு வந்தவன் கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"என்னங்க, பூட்ஸையாவது கழட்டுங்க" என்றாள் அவள்.

"கையில இன்னும் உதைக்குது" என்றான்.

அதற்குப் பிறகு அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வாய் அள்ளுவான், வாயருகே கொண்டுபோவான், திரும்பத் தட்டிலேயே போட்டுவிடுவான். பெல்ட்டில் இரண்டு ஓட்டை புதிதாகப் போட வேண்டியிருந்தது. வைத்தியர் மாத்திரை கொடுத்தார். மாத்திரையையும் வாந்தி எடுத்தான். அடுத்த வருஷம் அறுபத்துநான்கு மான் சுட வேண்டியிருந்தது. சுட்டு முடித்துத் திரும்பிய அன்று படகோட்டி அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா, அண்ணன் ஒண்ணொண்ணு சுட்டதும் புதருக்குப் பின்னாடி போயி வாந்தி எடுக்குறாரு. அறுபத்திநாலு வாட்டி. இப்படியே போனா மனுஷன் தேறமாட்டாரு, சொல்லிட்டேன்."

அவள் ரேஞ்சரிடம் போய், புருஷனுக்கு வேறு வேலை போட்டுக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினாள். ரேஞ்சர் நல்ல மனுஷர், ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் பிடிக்காதவர். "இந்தத் துறையில ஒழுங்கா சுடத் தெரிஞ்ச ஆளு குதிரைக்கொம்பும்மா. நான் எங்க போயித் தேடறது?" என்று கையை விரித்துவிட்டார்.

மறு வருஷம் எண்ணிக்கைக்கு ஒரு வாரம் முன்னால் அவன் கேட்டான். "இந்த வருஷம் எத்தனை வரும்?"

"எண்ணாம எப்படிங்க சொல்றது?"

"கம்மியா வந்தா நல்லாருக்கும்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். வேறெதுவும் கேட்கவில்லை, கேட்கிற ஆளுமில்லை.

முந்நூற்று அறுபத்திரண்டு வந்தது. தீவில் இருந்த தகரக் கொட்டகையில் உட்கார்ந்து இரண்டு முறை வகுத்துப் பார்த்தாள். அதே முந்நூற்று அறுபத்திரண்டு. படிவத்தை எடுத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தப்பு என்று நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் எழுதினாள். கட்டியவன் கண்ணெதிரே எலும்பும் தோலுமாகிக்கொண்டிருக்கும்போது அறுபத்திரண்டு மான் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இந்த ஒரு வருஷம் மட்டும்தான் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த எண்ணை அவன் இரண்டு தடவை படித்தான். வீட்டுக்கு வந்து, "ஏய், சுடுற வேலையே இல்லையாம்டி!" என்றான். அன்று இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். அவள் அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டு அழுதாள்.

சுடுகிற வேலை இல்லாததால் அவனைச் சோதனைச் சாவடியில் உட்கார வைத்தார்கள். லாரிக்காரர்களோடு வாயடிக்கிற வேலை. அது அவனுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி இருந்தது. உடம்பில் சதை பிடித்தது. வெளியூரில் படிக்கிற மகள் விடுமுறைக்கு வந்தவள், "அம்மா, அப்பாவுக்குத் தொப்பை போட்டிருக்கு!" என்று கிண்டல் செய்தாள். அதைக் கேட்க அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

ஆனால் அவன் சாப்பிட்டபோது மான்களும் சாப்பிட்டன. அடுத்த வருஷம் நானூற்று நாற்பது. இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று எழுதினாள். அதற்கடுத்த வருஷம் ஐந்நூற்று முப்பது. இருநூற்றுத் தொண்ணூற்றொன்று என்று எழுதினாள். அதற்குள் அவள் வசமாக மாட்டிக்கொண்டிருந்தாள். இப்போது உண்மையை எழுதலாமென்றால் எப்படி எழுதுவது? முந்நூறுக்குள் இருந்த கூட்டம் ஒரே வருஷத்தில் ஐந்நூற்றைத் தாண்டுமா? மான் என்ன கொசுவா? எழுதிய மறுநிமிஷம் பழைய படிவங்களை எல்லாம் தோண்டுவார்கள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இருநூற்று முப்பது மானைச் சுடு என்று அவன் கையில் மறுபடி துப்பாக்கியைக் கொடுப்பார்கள்.

தீவு அவளிடம் எதையும் மறைக்கவில்லை. மரங்களில் ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே ஓர் இலை இல்லை. பின்னங்காலில் எழும்பி நின்று எட்டுகிற வரைக்கும் தின்று தீர்த்திருந்தன. புதிதாக ஒரு கன்றுகூட முளைக்கவில்லை, முளைத்த அன்றே மொட்டையாகிவிடும். பட்டையை உரித்துத் தின்றதால் மரங்கள் நின்றபடி காய்ந்தன. அவளுக்குத் தெரிந்த பாஷை புழுக்கைதானே, அது எல்லாவற்றையும் சொல்லியது. முன்பு பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது, இப்போது சிறுத்து, வறண்டு, உடைத்தால் உள்ளே மரநார் இருந்தது. கிடாக்களின் கொம்பு மெலிந்தது. பெட்டைகள் பாதி சினைப்படவில்லை. பிறந்த குட்டிகளில் உண்ணி பிடித்துச் செத்தவை போகச் சிலதான் மிஞ்சின. பெருக்கம் தானாகவே குறைகிறது, இனி இயற்கையே பார்த்துக்கொள்ளும் என்று அவள் நம்பினாள். நம்பாமல் வேறென்ன செய்வாள்?

"அக்கா, இப்பல்லாம் படகு சத்தம் கேட்டா ஓடறதில்ல. கரைக்கே வந்து மூஞ்சியப் பாக்குதுங்க" என்றான் படகோட்டி.

"பழகிருச்சு" என்றாள் அவள்.

நாலாவது வருஷம் அறுநூற்றுப் பதினொன்று. இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று எழுதினாள். ரேஞ்சர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "உங்க தீவு மாதிரி தொல்லையில்லாத இடம் வேற கிடையாதும்மா" என்றார். அவர் தீவில் கால் வைத்ததே கிடையாது.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. முந்நூறு மான் என்றால் எப்படியாவது ஓட்டியிருக்கும், இதைவிட மோசமான கோடைகளை அந்தத் தீவு பார்த்திருக்கிறது. அறுநூறுக்கு ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. முதலில் குட்டிகள், பிறகு கிழடுகள், பிறகு பார்க்கத் திடமாக இருந்தவை. ஏரி வற்றி வெளியே வந்த சேற்றில் இறங்கி, காலைப் பிடுங்க முடியாமல் நின்றபடியே செத்தன. நாற்றம் இந்தக் கரைக்கு வந்த பிறகுதான் அலுவலகம் விழித்துக்கொண்டது. இரண்டு படகு நிறைய வைக்கோல் அனுப்பினார்கள். பலமுள்ளவை மற்றவற்றை முட்டித் தள்ளிவிட்டுத் தின்றன. ரொம்ப நாள் பட்டினி கிடந்த குடலுக்குத் திடீரென்று வைக்கோல் செரிக்குமா? மறுநாள் வயிறு முட்ட வைக்கோலோடு அவையும் செத்துக் கிடந்தன. அதற்குப் பிறகு மேலிடத்து உத்தரவு வந்தது. எழ முடியாதவற்றைச் சுட்டுவிடுங்கள், செத்தவற்றை எண்ணி அனுப்புங்கள்.

இருவரும் ஒன்றாகப் போனார்கள். அவன் நாலு வருஷத்துக்குப் பிறகு தீவில் கால் வைத்தான். இறங்கியவன் பேயறைந்தது போல நின்றான்.

"என்னடி இது?" என்றான்.

அவள் பையிலிருந்து நீலப் பெயிண்ட் டப்பாவை எடுத்தாள். எண்ணிய பிணத்தை மறுபடி எண்ணாமலிருக்க நெற்றியில் ஒரு நீலக் கோடு போட வேண்டும். அவன் முன்னால் போனான், தலை தூக்க முடியாமல் கிடந்தவற்றைச் சுட்டான். அவள் பின்னால் போனாள், கோடு போட்டாள். சில மான்கள் குண்டு படும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. ஓடவேண்டும் என்ற நினைப்பே அவற்றுக்கு மிச்சமில்லை. அவன் வாந்தி எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், காய்ந்த ஓடை ஒன்றில் முப்பது நாற்பது ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவள் கோடு போட்டு முடித்து நிமிர்ந்தாள்.

"இதுவரைக்கும் எத்தனை ஆச்சு?" என்று கேட்டான்.

"முந்நூத்திப் பதினாறு."

அவன் துப்பாக்கியைக் கீழே இறக்கினான். "கடைசியா போர்டுல எரநூத்தித் தொண்ணூத்தெட்டுன்னு ஒட்டியிருந்துச்சு. இன்னும் பாதித் தீவு கூடப் பாக்கல." அவளுக்காக அவனே ஒரு வழி தேடினான். "குட்டி போட்டிருக்கும், இல்ல? குட்டியையும் சேத்தா..."

அந்த வழியில் அவள் போயிருக்கலாம். போகத்தான் நாக்கு துடித்தது. ஆனால் அத்தனை நெற்றிகளில் நீலக் கோடு போட்டுவிட்டு அதற்குமேல் ஒரு பொய் அவள் வாயில் வரவில்லை.

"இந்த வருஷம் குட்டியே சரியாப் போடலைங்க. நாந்தான் குறைச்சு எழுதினேன்."

"எப்பலேருந்து?"

"நாலு வருஷமா."

"எதுக்குடி?"

"நீங்க சாப்பிடாம இருந்தீங்க" என்றாள்.

பக்கத்தில் ஒரு சின்னக் கிடா முன்னங்கால்களை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் திரும்பி அதைச் சுட்டுவிட்டு வந்தான்.

"நாலு வருஷத்துல எத்தன சுட்டிருப்பேன்? எரநூத்தம்பது இருக்குமா? நின்னு மேயற மானு. வயிறு நெறஞ்ச மானு. சத்தம் காதுல விழறதுக்குள்ள முடிஞ்சிருக்கும். இது அப்படியா செத்திருக்கு? பாரு. அந்தச் சேத்துல பாரு."

"பாத்துக்கிட்டுதாங்க இருக்கேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவன் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன், அதுதான் அவனிடம் இருந்த கஷ்டம்.

"குறைச்சு எழுதுன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றான்.

பிறகு ஒரு பாறையில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான். கையைக்கூடக் கழுவவில்லை. பிணங்களின் நடுவே உட்கார்ந்து, கொண்டுவந்ததை எல்லாம் நிதானமாக மென்று, ஒன்று மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். அவன் ஒரு வாய் சாப்பிட மாட்டானா என்று ஏங்கியவள் அவள். இப்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் குட்டி உதைத்த கையை அவள் எப்படியோ காப்பாற்றிவிட்டதாக நினைத்திருந்தாள். அது இனி எதையும் உணராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஐந்தாம் நாள் எண்ணி முடித்தார்கள். செத்தது ஐந்நூற்று நாற்பத்தொன்று. உயிரோடு எழுபத்தெட்டு. உயிரோடு இருந்ததை எண்ணப் புழுக்கை தேவைப்படவில்லை. மறைந்து நிற்க ஓர் இலை இல்லாத தீவில் எல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே நின்றன.

படகுத்துறை அறையில் ரேஞ்சர் மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு காத்திருந்தார். படிவத்தில் அவள் எழுதிய எண்ணைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார்.

"ஐந்நூத்து நாப்பத்தொண்ணா? முந்நூறு இல்லாத எடத்துல ஐந்நூறு எப்படிம்மா சாகும்? நாலு வருஷமும் என் கையெழுத்து இருக்கும்மா! எரநூத்தி இருபதுன்னு போடுங்க. மிச்சம் முதலை தின்னுச்சு, தண்ணி அடிச்சிட்டுப் போச்சு, எதையாவது சொல்லிக்கலாம்."

"செத்தது அத்தனைதான் சார். ஒவ்வொண்ணு நெத்தியிலயும் கோடு இருக்கு. யார் வேணா போயி எண்ணிக்கலாம்."

"உங்க வேலை போயிரும்."

"போகட்டும்."

ரேஞ்சர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. இருக்கற எழுபத்தெட்டையாவது நல்லபடியா விட்ருவோம்" என்றார்.

அதுவும் ஆகாது என்று சொல்லவேண்டியவளும் அவளாகவே இருந்தாள். அங்கே வேறு யாருக்கும் அது தெரியாது. முந்நூறைத் தாங்கியது பழைய தீவு. வேர்வரை தின்னப்பட்ட இந்தத் தீவில் மழை வந்தாலும் புல் கெட்டியாக வேர் பிடிக்க இரண்டு வருஷம் ஆகும். எழுபத்தெட்டு வாய் இருந்தால் துளிரைத் துளிராகவே தின்றுவிடும், அடுத்த கோடையில் ஒன்றுகூட மிஞ்சாது. பிடித்து வேறு காட்டில் விடலாமென்றால், இந்த நிலையில் வலை போட்டாலே பயத்தில் இதயம் நின்று செத்துவிடும். இதையெல்லாம் அவள் ரேஞ்சரிடம் சொன்னாள். ரேஞ்சர் கேட்டுக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அவளுடைய புருஷன் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"இப்ப எத்தனை தாங்கும்?" என்று அவன் கேட்டான்.

"முப்பது. அதுக்கு மேல தாங்காது."

"அப்ப நாப்பத்தெட்டு."

"ஆமாங்க" என்றாள். "நாப்பத்தெட்டு."

"இந்தத் தடவ சரியா எண்ணினியா?"

"மூணு வாட்டி எண்ணினேன்."

அவன் அலமாரியைத் திறந்து தோட்டாப் பெட்டியை எடுத்துவந்து மேசைமேல் கவிழ்த்தான். பத்துப் பத்தாகப் பிரித்து வைத்தான். நாலு பத்து, அப்புறம் ஒரு எட்டு. மீதியைப் பெட்டியில் அள்ளிப் போட்டு மூடினான். பிறகு மேசையை விட்டு ஓர் அடி விலகி நின்று, "நீயும் ஒரு தடவ எண்ணிரு" என்றான். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. அவளை வைவதற்குக்கூட அவனிடம் எதுவும் மிச்சமில்லை.

அவள் ஒவ்வொன்றாக விரலால் தள்ளி எண்ணினாள். நாற்பத்தெட்டு இருந்தது. சரி என்று தலையசைத்தாள். அவன் அவற்றை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு படகை நோக்கி நடந்தான்.